மூத்த முதலீட்டாளரிடம் பாடம் கற்க எந்த வழி: வகுப்பா, கடிதங்களா, ஈசூன் அங்கிளா?

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் வேலையிடத்தில் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டி, "அண்ணே, இந்த வகுப்புல சேரலாமா? 2,988 வெள்ளி. முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் சொல்லித்தர்றாராம்" என்று கேட்டார். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று சொல்லாவிட்டால் அது பதிலே ஆகாது, தவிர அவர் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. பங்கு வாங்குவது எப்படி என்பதை யூடியூபில் அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். எப்போது வாங்காமல் இருப்பது, தப்பு நடந்துவிட்டால் அதை எப்படி ஒத்துக்கொள்வது, எல்லோரும் விற்றுக்கொண்டு ஓடும்போது எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் பல ஏற்ற இறக்கம் பார்த்த ஒருவரிடமிருந்துதான் வரும். எந்த மூத்தவரிடம், எந்த வழியாக என்பதில்தான் பலர் காசையும் வருடங்களையும் விடுகிறார்கள்.

நான் ஏதோ ஒரு கட்டத்தில் நான்கு வழியிலும் போய்ப் பார்த்தவன். காசு கட்டி வகுப்புக்குப் போனேன். பெரிய முதலீட்டாளர்கள் வாங்கியதைப் பார்த்து நானும் வாங்கினேன். அவர்கள் எழுதியதையும் பேசியதையும் உட்கார்ந்து படித்தேன். இப்போது நம் ஊரிலேயே நாற்பது வருடமாகச் சந்தையில் இருக்கும் ஒருவரோடு சனிக்கிழமை காலையில் பேசிக்கொண்டிருக்கிறேன். எதையும் கற்காமல், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை எல்லாம் மொத்தமாக வைத்திருக்கும் குறியீட்டு நிதியை வாங்கிப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்ப்பது ஐந்தாவது வழி. பலருக்கு அதுவே நல்லது என்று நிஜமாகவே நினைக்கிறேன், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஐந்தையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். அந்த மூத்தவர் ஒரு முடிவை எடுத்தபோது என்ன நினைத்தார் என்பது, விளைவு தெரிவதற்கு முன்பு இருந்தபடியே எனக்குப் பார்க்கக் கிடைக்கிறதா? வானம் கறுத்திருக்கிறது, குடையோடு கிளம்புகிறோம், மழை வரவில்லை. குடை எடுத்தது தப்பு என்று யாரும் சொல்ல மாட்டோம். பங்கு என்று வந்துவிட்டால் மட்டும் ஏறினால் கெட்டிக்காரர், இறங்கினால் ஏமாளி என்று முடிவுகட்டிவிடுகிறோம். நல்ல முடிவு நஷ்டத்தில் முடியலாம், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு லாபத்தில் முடியலாம். விளைவை மட்டும் காட்டுகிறவரிடம் நாம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, ஏனென்றால் அதில் எவ்வளவு அறிவு, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

சரி, முதலில் அந்த வகுப்பு.

நான் போனது சில வருடங்களுக்கு முன்பு, ஒரு ஹோட்டல் மண்டபத்தில், இலவச முன்னோட்டம் என்று கூப்பிட்டதால். வாசலில் ஒரு பை, ஒரு பேனா, உள்ளே சமோசாவும் தேநீரும். பேசியவர் நன்றாகவே பேசினார், பழகவும் இனிமையானவர். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் திரையில் லாபக் கணக்குகள் ஓடின. கடைசி அரை மணி நேரத்தில் கட்டணம் பாதியாகக் குறைந்தது, அதுவும் இன்று இரவுக்கு மட்டும், அதுவும் முதல் இருபது பேருக்கு. மண்டபத்தின் பின்பக்கம் மேசை போட்டு அட்டை தேய்க்கும் கருவிகளோடு நான்கு பேர் நின்றார்கள். முதலில் எழுந்து போனவர்களைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள், அவர்களைப் பார்த்து நானும் போனேன்.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நெடுநாள் கூட்டாளி சார்லி மங்கர் 1995இல் ஹார்வர்டில் ஒரு பேச்சு பேசினார், மனிதர்கள் ஏன் தப்பாக முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றி. இலவசமாக ஒன்றைக் கொடுத்தால் திருப்பிச் செய்யத் தோன்றும், பிடித்த மனிதர் சொன்னால் நம்பத் தோன்றும், மற்றவர்கள் செய்வதைச் செய்யத் தோன்றும், கையை விட்டுப் போகிறது என்றால் உடனே பிடிக்கத் தோன்றும். இவை ஒவ்வொன்றும் தனியாக வந்தால் சமாளித்துவிடலாம், நான்கைந்து ஒரே திசையில் சேர்ந்து தள்ளும்போதுதான் நல்ல மூளைக்காரரும் கவிழ்ந்துவிடுகிறார் என்பது அவர் வாதம். வீட்டில் கூட்டம் போட்டு டப்பர்வேர் விற்பதை அதற்கு உதாரணமாகக் காட்டினார். அந்தப் பேச்சை நான் படித்தது காசு கட்டிப் பல மாதங்கள் கழித்து. படித்த அன்று அந்த மண்டபத்தின் பை, சமோசா, மேசை, வரிசை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

வகுப்பில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. நிதி அறிக்கை படிப்பது, கடனுக்கும் முதலுக்கும் உள்ள விகிதம், இதெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஈசூனிலோ விக்டோரியா ஸ்திரீட்டிலோ நூலகத்துக்குப் போனால் அவ்வளவும் இலவசமாகக் கிடைக்கும், அரசாங்கத்தின் மணிசென்ஸ் திட்டத்திலும் கிடைக்கும். நான் உண்மையில் காசு கட்டியது அந்த முப்பது வருட அனுபவத்துக்குத்தான், அது மட்டும் வரவில்லை. காட்டிய ஒவ்வொரு உதாரணமும் நடந்து முடிந்தபின் பொறுக்கி எடுத்தது. வாங்கிய அன்று எழுதிய ஒரு குறிப்புகூட இல்லை, நஷ்டக் கதை ஒன்றே ஒன்று, அதுவும் அடுத்த ஸ்லைடில் லாபமாக மாறிவிட்டது.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே பொதுவாக முதலீட்டு வகுப்பு நடத்த மட்டும் நாணய ஆணையத்தின் உரிமம் தேவையில்லை. குறிப்பிட்ட ஒன்றை வாங்கு என்று ஆலோசனை சொல்வதற்குத்தான் தேவை. ஆகவே 'சிங்கப்பூரில் முறையாக நடக்கும் வகுப்பு' என்பதை வைத்து யாரையும் எடைபோட முடியாது. எப்படியும் சேருவது என்று இருந்தால், ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பதிவேடும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன, இரண்டிலும் பெயரைத் தேடுங்கள். அப்புறம் அவரிடமே கேளுங்கள், ஐந்து வருடம் முன்பு வாங்கிய அன்று எழுதிய காரணம் ஏதாவது காட்ட முடியுமா என்று.

பெரியவர்கள் வாங்கியதைப் பார்த்து வாங்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரே உதாரணம் போதும். அமெரிக்காவில் பெரிய நிதி நிர்வாகிகள் கையில் என்ன பங்கு இருக்கிறது என்பதைக் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 2021இல் மங்கர் தலைவராக இருந்த டெய்லி ஜர்னல் கம்பெனி அலிபாபா பங்கை வாங்கியது அப்படித்தான் வெளியே தெரிந்தது. உலகம் முழுவதும் பலர் பின்னாலேயே வாங்கினார்கள், நானும் வாங்கினேன். அப்போது விலை 200 டாலருக்கு மேல். 2022 அக்டோபரில் 70 டாலருக்கும் கீழே. இடையில் 2022 முதல் காலாண்டில் டெய்லி ஜர்னல் கையிருப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது, அது நமக்குத் தெரிந்தது ஏப்ரலில். 2023 பிப்ரவரியில் மங்கரே, தான் செய்த மிக மோசமான தவறுகளில் அது ஒன்று என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார். 99 வயதில் அப்படிச் சொல்ல ஒரு மனம் வேண்டும். ஆனால் பின்னால் போன எனக்கு அவர் ஏன் வாங்கினார் என்றும் தெரியாது, எது நடந்தால் விற்பார் என்றும் தெரியாது. காரணம் தெரியாமல் வாங்கியவனுக்கு விற்கவும் காரணம் கிடைக்காது, விலையைப் பார்த்துக்கொண்டு தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

இப்போது கடிதங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

வாரன் பஃபெட் பெர்க்‌ஷயர் ஹாத்தவே பங்குதாரர்களுக்கு வருடாவருடம் எழுதிய கடிதங்கள் 1977இலிருந்து அந்தக் கம்பெனியின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓமாஹாவில் நடக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டங்களின் காணொளிகள் 1994இலிருந்து இருக்கின்றன, பஃபெட்டும் மங்கரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பதில் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் கடிதங்களிலிருந்து எடுத்த மேற்கோள்களைத்தான் வாட்ஸ்அப்பில் பார்க்கிறார்கள். மேற்கோளால் பயனில்லை. கடிதங்களை வருட வரிசையில், ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் படிக்க வேண்டும்.

எனக்குக் கண் திறந்தது டெக்ஸ்டர் என்ற செருப்புக் கம்பெனியில். 1993 கடிதத்தில் பஃபெட் அதை வாங்கியதைப் பற்றி எழுதுகிறார், அவ்வளவு சந்தோஷமாக. நிர்வாகத்தைப் புகழ்கிறார். குறைந்த கூலி நாடுகளிலிருந்து வரும் இறக்குமதியோடு அமெரிக்கச் செருப்புக் கம்பெனிகள் போட்டி போட முடியாது என்ற பேச்சு அவருக்குத் தெரியும், அதையும் எழுதிவிட்டு, இந்தக் கம்பெனி விதிவிலக்கு என்கிறார். விலை 433 மில்லியன் டாலர், ரொக்கமாக இல்லாமல் பெர்க்‌ஷயர் பங்குகளாகவே கொடுத்தார். 1999 கடிதத்துக்கு வாருங்கள், அமெரிக்காவில் விற்கும் செருப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வெளிநாட்டில் செய்தவை, நம் கம்பெனி தடுமாறுகிறது என்று எழுதுகிறார். 2007 கடிதத்தில் முழு ஒப்புதல். தான் செய்த வியாபாரங்களிலேயே மோசமானது இதுதான் என்கிறார், கொடுத்த அந்தப் பங்குகள் பெர்க்‌ஷயரின் 1.6 விழுக்காடு, அதனால் பங்குதாரர்களுக்கு 3.5 பில்லியன் டாலர் போனது என்று கணக்கும் போட்டுக் காட்டுகிறார்.

மூன்று கடிதங்களையும் ஒரே நாளில் படித்தேன். 1993இல் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆபத்து என்னவென்று அவருக்கே தெரிந்திருந்தது, அதைத் தள்ளிவிட ஒரு நல்ல காரணமும் கைவசம் இருந்தது. நாமும் அப்படித்தான் செய்கிறோம். இதில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. கம்பெனி மோசமாகப் போனது ஒரு தப்பு. அதற்கு விலையாகத் தன்னிடம் இருந்த மிக நல்ல சொத்தைக் கொடுத்தது இரண்டாவது தப்பு, அதுதான் பல மடங்கு பெரியது. இந்த இரண்டையும் அவர் பிரித்துக் காட்டியிருக்காவிட்டால் நான் பார்த்திருக்க மாட்டேன். எந்த வகுப்பிலும் இதைக் காட்டவில்லை, காட்டவும் முடியாது, பதினான்கு வருடம் முன்பு எழுதி வெளியிட்ட காகிதம் அவர்களிடம் இல்லை.

மங்கரிடம் எனக்குப் பிடித்தது வேறு. அவர் பெர்க்‌ஷயருக்கு வருமுன் தனியாக நடத்திய நிதி 1973இல் 31.9 விழுக்காடு இறங்கியது, 1974இல் இன்னொரு 31.5. அதாவது 100 வெள்ளி 47 வெள்ளியாகிறது. 1975இல் 73.2 விழுக்காடு ஏறியும்கூட 81தான். 1962 முதல் 1975 வரை மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு, பெரிய சாதனைதான், ஆனால் அந்தச் சராசரிக்குள் இந்த 47 புதைந்து கிடக்கிறது. நம் மத்திய சேமநிதிப் பணம் 47 ஆனால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், அப்புறம் 'நான் நீண்டகால முதலீட்டாளர்' என்று சொல்லுங்கள்.

கடிதங்களின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஓமாஹாவில் சொன்னது சிங்கப்பூரில் அப்படியே செல்லாது. பஃபெட்டிடம் காப்புறுதிக் கம்பெனிகளின் பணம் வந்துகொண்டே இருந்தது, நமக்கு மாதச் சம்பளம் மட்டும். அவர் முழுக் கம்பெனியை வாங்கி நிர்வாகியோடு பேசலாம், நமக்கு நூறு பங்கு. வரியும் வேறு. இங்கே இருந்துகொண்டு அமெரிக்கப் பங்கோ நிதியோ வாங்கினால் லாப ஈவில் 30 விழுக்காட்டை அங்கேயே பிடித்துக்கொள்கிறார்கள். 60,000 அமெரிக்க டாலருக்கு மேல் அங்கே சொத்து வைத்துவிட்டு ஒருவர் இறந்துபோனால், வெளிநாட்டவர் என்ற முறையில் மரபுரிமை வரி வரலாம். அயர்லாந்தில் பதிவான, லண்டனில் விற்கும் நிதிகளில் ஈவுப் பிடித்தம் 15 விழுக்காடு. இதெல்லாம் எந்தக் கடிதத்திலும் இருக்காது, நாமேதான் தேட வேண்டும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடிதம் நம்மைப் பார்த்துத் திருப்பிக் கேள்வி கேட்காது. படித்து முடித்துவிட்டு, எல்லாம் புரிந்தது என்ற நினைப்போடு, போய் அதே தப்பைச் செய்யலாம். நான் செய்தேன், அலிபாபா வாங்கியபோது பாதிக் கடிதங்களைப் படித்து முடித்திருந்தேன்.

அதனால்தான் நான்காவது வழி.

அங்கிளை நான் முதலில் பார்த்தது ஒரு கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில். ஏப்ரல் மாதம் இங்கே கூட்டங்களின் மாதம், டிசம்பரில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் நான்கு மாதத்துக்குள் கூட்டம் நடத்தியாக வேண்டும். பலர் கேள்வி நேரத்திலேயே சாப்பாட்டு வரிசை எங்கே என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இவர் ஆண்டறிக்கையில் ஏழெட்டுப் பக்கங்களை மூலையில் மடித்துவைத்து, ஒலிவாங்கி முன்னால் நின்று, விற்பனை ஏறாமல் வரவேண்டிய பாக்கி மட்டும் ஏன் ஏறியிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். மேடையில் இருந்தவர் சுற்றிவளைத்துச் சொன்னதும், மன்னிக்கவும், நான் கேட்டது வேறு என்று அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டார். கூட்டம் முடிந்து தேநீர் வாங்கும் இடத்தில் போய்ப் பேசினேன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஈசூனில் வீடு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் இருப்பேன், வந்தால் பேசலாம் என்றார்.

முதல் தடவை போனபோது எதை வாங்கலாம் என்று கேட்டேன். "அத மட்டும் என்கிட்ட கேக்காத தம்பி" என்றார். அப்புறம் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு 555 நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன நோட்டு, நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். தேதி, விலை, ஏன் என்று மூன்று வரி, 'எது நடந்தால் நான் நினைத்தது தப்பு' என்று ஒரு வரி. பிற்பாடு சிவப்பு மையில் என்ன நடந்தது என்று. ஏன் இவ்வளவு சின்ன நோட்டு என்றேன். "இதுக்குள்ள அடங்கலைன்னா எனக்கே சரியாப் புரியலைன்னு அர்த்தம்."

1997ஆம் வருட நோட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினார். மலேசியப் பங்குகளைச் சிங்கப்பூரிலேயே வாங்கி விற்ற கிளோப் சந்தையில் வாங்கிய பங்கு. காரணம்: நல்ல கம்பெனி, மலிவு. 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்ததும், சிங்கப்பூரில் நடந்த அந்த வியாபாரம் நின்று, ஏறக்குறைய 172,000 பேருடைய பங்குகள் முடங்கிப்போயின. சிறு முதலீட்டாளர்களுக்காக 1999இல் சியாஸ் சங்கம் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான், கிளோப் விவகாரத்தைத்தான் அது முதலில் கையில் எடுத்தது. அங்கிளின் சிவப்பு மை இப்படி இருந்தது: 'கம்பெனியைப் பார்த்தேன். எந்தக் கடையில் வாங்குகிறேன் என்று பார்க்கவில்லை.' இப்போது புதிய செயலிகளில் மலிவாகப் பங்கு வாங்கும் இளையர்களைப் பார்த்தால் அவர் கேட்பது இதைத்தான்: பங்கு உன் பெயரில் சிடிபி எனும் மத்திய வைப்பகக் கணக்கில் இருக்கிறதா, தரகர் பெயரில் இருக்கிறதா, வித்தியாசம் தெரிந்துதான் வாங்கினாயா?

வாங்காத முடிவுகளுக்கும் பக்கம் இருக்கிறது. 2016இல் தண்ணீர் சுத்திகரிப்புக் கம்பெனியான ஹைஃபிளக்ஸ், முதலைத் திருப்பித் தரத் தேதி குறிக்காமல் 6 விழுக்காடு தரும் நிரந்தரப் பத்திரம் வெளியிட்டபோது வரிசை நீண்டது, ஆரம்பத்தில் 300 மில்லியனுக்கு வந்த வெளியீட்டை 500 மில்லியனாக உயர்த்தினார்கள். அங்கிள் எழுதியது: 'நன்றாக ஓடினால் எனக்கு 6 மட்டும். ஓடாவிட்டால் முதலும் போகும், கடன்காரர்களுக்குப் பின்னால்தான் நிற்பேன். வேண்டாம்.' 2018 மே மாதம் கம்பெனி நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது, அப்படிப் பத்திரமும் முன்னுரிமைப் பங்கும் வைத்திருந்தவர்கள் சுமார் 34,000 பேர். இதை மட்டும் காட்டியிருந்தால் அவரும் அந்த மண்டபத்துக்காரர் போலத்தான். பக்கத்தைப் புரட்டி 2008 டிசம்பரையும் காட்டினார். டிபிஎஸ் வங்கி ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பங்குக்கு ஒன்று வீதம் 5.42 வெள்ளிக்குப் புதிய பங்கு, அதாவது உரிமைப் பங்கு, கொடுத்த நேரம். 'உலகமே ஆடுகிறது, எடுக்கவில்லை' என்று நீல மையில் இருக்கிறது. அதன் கீழே சிவப்பில், 'இது காரணம் இல்லை, பயம்.' கிளோப்பில் போனதைவிட இதில் விட்டது பெரிது என்றார். வாங்கித் தோற்றதைவிட வாங்காமல் விட்டவைதான் பெர்க்‌ஷயருக்குப் பெரிய நஷ்டம் என்று பஃபெட்டும் மங்கரும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்கள், கேட்டிருக்கிறேன். அந்தச் சின்னப் பக்கத்தில் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

என் முறை வந்தது. 8 விழுக்காடு ஈவு தரும் ஒரு ரீட், அதாவது கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் நிதி, வாங்கப் போவதாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அங்கிள் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கொசோங்கை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்த எட்டு எங்கேர்ந்து வருது?" என்றார். வாடகையிலிருந்து என்றேன். "மத்த ரீட்டெல்லாம் அஞ்சு, ஆறு குடுக்குது, இதுக்கு மட்டும் வாடக கூடவா வருது?" பதில் இல்லை. வரிச் சலுகைக்காக ரீட் தன் வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும், அப்படியானால் கையில் காசு சேராது, கட்டடம் வாங்கவோ கடன் அடைக்கவோ நம்மிடம்தான் உரிமைப் பங்கு என்று வருவார்கள், அப்போது போட உன்னிடம் தனியாகப் பணம் இருக்கிறதா? இல்லை. கடன் எவ்வளவு, எப்போது புதுப்பிக்க வேண்டும்? தெரியாது. கடைசியாக, "சரி, இது உன்ன எப்படிக் கவுக்கும்னு மூணு வழி சொல்லு" என்றார். எதையும் தலைகீழாகப் போட்டுப் பார் என்று மங்கர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதுதான். ஆனால் படிப்பது வேறு, எதிரில் ஒருவர் காத்திருக்கும்போது வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது வேறு.

வாங்கவில்லை. அந்த ரீட் அடுத்த ஆறு மாதத்தில் நன்றாகவே ஏறியது. கொஞ்சம் எரிச்சலோடு போய்ச் சொன்னேன். "ஏறட்டுமே. உனக்குப் பதில் தெரியாததுனால விட்ட, அது சரியான காரணம். அத சிவப்புல எழுது" என்றார். எழுதினேன்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். எதைப் பார்த்தாலும் அவர் முதலில் மசேநியோடு, அதாவது மத்திய சேமநிதியோடு, ஒப்பிடுவார். சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடு, சிறப்புக் கணக்கில் 4, ஆபத்து இல்லாமல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடனுக்கு வட்டி 2.6. சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளிக்கு மேல் இருப்பதை முதலீடு செய்ய அனுமதி உண்டு, ஆனால் அனுமதி உண்டு என்பது செய்ய வேண்டும் என்பதில்லை, அந்த 2.5ஐ எதற்காக விடுகிறாய் என்று ஒரு வரியில் எழுது என்பார். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நல்ல வாய்ப்பைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும் என்று மங்கர் சொல்வதன் ஈசூன் வடிவம் இது.

குறை இல்லாத வழி இதுவும் இல்லை. அங்கிள் பார்த்த உலகம் வங்கி, ரீட், நிலம். தொழில்நுட்பக் கம்பெனி பற்றி கேட்டால், எனக்குத் தெரியாது என்று நிறுத்திவிடுவார். அந்த நேர்மை நல்லதுதான், ஆனால் அந்தப் பக்கம் எனக்கு ஆசிரியர் இல்லை. நாற்பது வருடம் சந்தையில் தாக்குப்பிடித்தவரைத்தான் நான் பார்க்கிறேன், அவரோடு ஆரம்பித்துக் காணாமல்போனவர்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. முக்கியமாக, அங்கிள் மாதிரி பேசுகிற எல்லோரும் அங்கிள் ஆகிவிட மாட்டார்கள். எதை வாங்கலாம் என்று தானாக முன்வந்து சொல்கிறவர், பணத்தை என்னிடம் கொடு பார்த்துக்கொள்கிறேன் என்கிறவர், நஷ்டத்தை வாயே திறக்காதவர், இவர்களிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும், அவர் நம் சொந்தக்காரராகவே இருந்தாலும்.

ஐந்தாவது வழிக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம்கூட ஒதுக்க முடியாதவர், சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர், ஆண்டறிக்கையைப் பார்த்தாலே அலுப்பு வருகிறவர், இவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆறு மாதச் செலவை எடுத்துவைத்துக்கொண்டு, செலவு குறைந்த குறியீட்டு நிதியில் மாதாமாதம் போடுங்கள், பயமாக இருந்தால் ஒரு பகுதியை 500 வெள்ளியிலிருந்து வாங்கக்கூடிய சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் வையுங்கள். இது இரண்டாந்தர வழி இல்லை. 2008 முதல் 2017 வரை பத்து வருடம், நிபுணர்கள் நடத்தும், தேர்ந்தெடுத்த ஹெட்ஜ் நிதிகளுக்கு எதிராகச் சாதாரணக் குறியீட்டு நிதியை நிறுத்திப் பந்தயம் கட்டி ஜெயித்தவர் பஃபெட். தன் மனைவிக்கு விட்டுப்போகும் பணத்தில் 90 விழுக்காட்டைக் குறியீட்டு நிதியில் போடச் சொல்லியிருப்பதாக 2013 கடிதத்தில் எழுதியிருக்கிறார். மூத்தவரின் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றால் இந்த ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இதற்கு மட்டும் காரணத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இது. அந்த 2,988 வெள்ளியைக் கட்டாதீர்கள். வாரம் ஒரு கடிதம், 1977இலிருந்து வரிசையாக, ஒரு வருடத்தில் முடிந்துவிடும். படிக்கும்போதே ஒரு 555 நோட்டில் நீங்களும் எழுதுங்கள், காசு போடாமல், வாங்குவதாக வைத்துக்கொண்டு. அதுவரைக்கும் சம்பளத்தில் மிச்சமாவது குறியீட்டு நிதிக்குப் போகட்டும். ஒரு வருடம் கழித்தும் எழுதப் பிடித்திருந்தால் அப்போது தனிப் பங்குகளைப் பற்றிப் பேசலாம். பிடிக்கவில்லை என்றால் நிதியிலேயே இருந்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்கிள் என்னையும் வந்து பாக்க விடுவாரா?" என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு கம்பெனியில் நூறு பங்கு வாங்கி சிடிபி கணக்கில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், 2015 முதல் ஒரு லாட், அதாவது வழக்கமாக வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு, 1,000 பங்கிலிருந்து 100 ஆகிவிட்டதால் சில நூறு வெள்ளிக்கே முடியும். சொந்தப் பெயரில் இருந்தால்தான் ஏப்ரலில் கூட்டத்துக்கு நேராகப் போய் உட்கார முடியும். ஆண்டறிக்கை இரண்டு வாரம் முன்பே வந்துவிடும், பக்கங்களை மடித்து எடுத்துவரச் சொன்னேன்.